கெட்டியான நெயில் பாலிஷுக்கு ரிமூவர் ஊற்றலாமா?

கேள்வி: இரண்டு வருடத்துக்கு முன்னால் தம்பி துபாயிலிருந்து எனக்கு ஒரு நெயில் பாலிஷ் வாங்கி வந்தான். மாதுளை முத்து நிறம். பத்துத் தடவைகூடப் போட்டிருக்க மாட்டேன். இப்போது எடுத்துப் பார்த்தால் அல்வா மாதிரி ஆகிவிட்டது, பிரஷ்ஷைத் தூக்கினால் நூல் நூலாக இழுக்கிறது. அடுத்த மாதம் அவனுக்குக் கல்யாணம், அன்றைக்கு அதையே போட்டுக்கொள்ள ஆசை. நாத்தனார் ரிமூவர் ஊற்றச் சொல்கிறார். பக்கத்து வீட்டு அக்கா தேங்காய் எண்ணெய் இரண்டு சொட்டு விடு என்கிறார். அம்மா ஃப்ரிட்ஜில் வைத்தால் சரியாகும் என்கிறார். எதைச் செய்வது? அப்புறம், எந்த பாலிஷ் போட்டாலும் எனக்கு இரண்டே நாளில் நுனியில் பெயர்ந்துவிடுகிறது. அதற்கும் வழி சொல்லுங்கள்.
ஒரு வாசகி, விருதுநகர்

பதில்: முதலில் அந்த ரிமூவர் பாட்டிலைத் தள்ளி வையுங்கள். நாத்தனார் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார், பெரும்பாலான வீடுகளில் செய்வதும் அதைத்தான், ஊற்றிய உடனே தண்ணீர் மாதிரி இளகிவிடுவதால் வேலை முடிந்தது என்றே தோன்றும். நானும் கல்லூரியில் படித்தபோது ஒரு கத்திரிப்பூ நிற பாட்டிலுக்கு இதே வைத்தியம் செய்தேன். அன்றைக்கு நன்றாகத்தான் இருந்தது. மறுநாள் நகத்தில் பளபளப்பே இல்லை, சாயங்காலத்துக்குள் செதில் செதிலாக உரிந்தது, ஒரு வாரம் கழித்துத் திறந்தால் பாட்டிலுக்குள் எல்லாம் திரிந்துபோய்க் கிடந்தது. அவ்வளவு பிடித்த நிறத்தைத் தூக்கிப்போட வேண்டியதாயிற்று. உங்கள் தம்பி வாங்கிக்கொடுத்த பாட்டிலுக்கு அந்தக் கதி வரக் கூடாது, அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

நெயில் பாலிஷில் அடிப்படையாக இருப்பது நைட்ரோசெல்லுலோஸ் என்ற பொருள். அதுதான் நகத்தின் மேல் படலமாகப் படிகிறது. அதோடு ஒட்டுவதற்கு ஒரு பிசின், வளைந்துகொடுப்பதற்கு ஒரு பொருள், நிறப்பொடி, நிறம் அடியில் தங்காமல் இருக்க ஒருவகைக் களிமண். இத்தனையையும் கரைத்து வைத்திருப்பவை எத்தில் அசிட்டேட், பியூட்டில் அசிட்டேட் என்ற இரண்டு திரவங்கள். மூடியைத் திறந்ததும் மூக்கில் ஏறுகிறதே அந்த வாசனை, அது இவற்றுடையதுதான். முதலாவது 77 டிகிரியில் கொதிக்கும், இரண்டாவது 126 டிகிரியில்தான் கொதிக்கும். அதாவது ஒன்று சீக்கிரம் பறந்து பாலிஷை இறுக வைக்கிறது, மற்றொன்று நின்று நிதானமாகப் போவதால் பிரஷ் இழுத்த கோடுகள் மறைந்து சமமாகப் படிய நேரம் கிடைக்கிறது. நகத்தில் சில நிமிடங்களில் நடக்கும் இந்தக் காய்தல்தான் பாட்டிலுக்குள் மாதக்கணக்கில் மெதுவாக நடக்கிறது, ஒவ்வொரு முறை திறக்கும்போதும் கொஞ்சம் பறக்கிறது. ஆக உங்கள் பாலிஷ் கெட்டுப்போகவில்லை. அதிலிருந்த திரவம் போயிருக்கிறது, எது போனதோ அதையே திருப்பிக் கொடுத்தால் அது எழுந்துவிடும்.

பெரும்பாலான ரிமூவரில் இருப்பது அசிட்டோன். அது 56 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதனால் இன்னும் வேகமாகப் பறக்கும், பாட்டில் பழையபடி இறுகிவிடும். அது போதாதென்று கை வறளாமல் இருக்கத் தண்ணீர், எண்ணெய், வாசனை என்று ரிமூவரில் வேறு சேர்த்திருப்பார்கள். தண்ணீர் பட்டால் நைட்ரோசெல்லுலோஸ் படலம் வெளுத்துப் பலவீனமாகும். அக்கா சொன்ன தேங்காய் எண்ணெயும் வேண்டாம். எண்ணெய் பாலிஷைக் கரைக்காது, காயவும் காயாது, நகத்தில் பிசுபிசுவென்று நிற்கும். அம்மா சொன்ன ஃப்ரிட்ஜ் விஷயத்துக்குப் பிறகு வருகிறேன்.

நீங்கள் வாங்க வேண்டியது நெயில் பாலிஷ் தின்னர். சின்ன ஃபேன்சி ஸ்டோரில் கிடைக்காமல் போகலாம், பியூட்டி பார்லர்களுக்குச் சாமான் சப்ளை செய்யும் கடையில் கேளுங்கள், ஆன்லைனிலும் கிடைக்கும். லேபிளைத் திருப்பிப் பார்த்து, எத்தில் அசிட்டேட், பியூட்டில் அசிட்டேட் இரண்டும் எழுதியிருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள், அசிட்டோன் என்று இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். இன்னொரு எச்சரிக்கை. தின்னர் என்று கேட்டால் வீட்டில் யாராவது ஹார்டுவேர் கடையில் மரச்சாமான் லேக்கருக்கு விற்கும் என்.சி. தின்னரை வாங்கி வந்துவிடக் கூடும். மரச்சாமானுக்கு அடிக்கும் லேக்கரும் நைட்ரோசெல்லுலோஸ் சேர்ந்ததுதான், அதனால் பாலிஷ் அதில் கரையத்தான் செய்யும். ஆனால் அதில் டொலுவீன் போன்ற கடுமையான ரசாயனங்கள் இருக்கும். விரலில் படுவதற்கும் பக்கத்தில் வைத்து மூச்சிழுப்பதற்கும் உரிய சாமான் இல்லை அது. டர்பன்டைனும் கூடாது.

தின்னர் கைக்கு வந்ததும் அவசரப்படாதீர்கள், இந்த இடத்தில்தான் நிறையப் பேர் கெடுத்துக்கொள்கிறார்கள். முதலில் பாட்டிலின் கழுத்திலும் மூடியின் உள்பக்கத்திலும் காய்ந்து ஒட்டியிருப்பதைப் பஞ்சில் கொஞ்சம் ரிமூவர் தொட்டுத் துடைத்து எடுங்கள் (ரிமூவருக்கு இங்கே மட்டும்தான் வேலை, ஒரு சொட்டுகூட உள்ளே விழ வேண்டாம்). டிராப்பரால் மூன்றே சொட்டு தின்னர் விடுங்கள். மூடி, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து மோர் கடைகிற மத்து போல இரண்டு நிமிடம் உருட்டுங்கள். குலுக்கக் கூடாது, குலுக்கினால் காற்று உள்ளே போய் நகத்தில் குமிழ் குமிழாக வரும். அப்புறம் அரை மணி நேரம் அப்படியே விட்டுவிடுங்கள், கெட்டியான பாலிஷுக்குள் திரவம் ஊறிப் போக நேரமாகும். பிறகு பிரஷ்ஷைத் தூக்கிப் பாருங்கள், சொட்டு தானாகத் திரண்டு வழிந்து விழுந்தால் சரியான பதம். இன்னும் நூல் இழுத்தால் மறுபடி இரண்டு சொட்டு, மறுபடி உருட்டல், மறுபடி காத்திருப்பு. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் ஒரு ராத்திரி முழுக்க ஊறவிட வேண்டியிருக்கலாம். ஒரேயடியாக ஊற்றிவிட்டால் நிறம் வெளிறி நாலு கோட் அடிக்க வேண்டி வரும், அதை அவ்வளவு சுலபத்தில் திரும்பக் கெட்டியாக்க முடியாது. உருட்டினாலும் அசையாத அளவுக்கு அடியில் கட்டியாக உறைந்திருந்தால் மட்டும் விட்டுவிடுங்கள்.

வெந்நீர் வழி ஒன்றும் உண்டு, இறுக்கி மூடிய பாட்டிலை அடுப்பிலிருந்து இறக்கிய இளஞ்சூட்டு நீரில் நான்கைந்து நிமிடம் நிமிர்த்தி வைப்பது. சூட்டில் இளகும், ஆறினால் பழைய கதை. தின்னர் விட்ட பிறகு சீக்கிரம் கலப்பதற்கு வேண்டுமானால் இதைச் செய்யலாம்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். பாலிஷ், தின்னர் இரண்டும் சட்டென்று தீப்பிடிக்கும். நீலகிரியில் அருவங்காட்டுத் தொழிற்சாலையில் தயாரிக்கிறார்களே துப்பாக்கிக்கும் பீரங்கிக்குமான மருந்து, அதில் சேரும் நைட்ரோசெல்லுலோஸும் இதுவும் ஒரே குடும்பம். நகப்பூச்சில் சேர்ப்பது வீரியம் குறைந்த வகை, பயப்பட வேண்டாம். ஆனால் அடுப்பங்கரையிலோ, சாமி விளக்குப் பக்கத்திலோ, கொசுவர்த்தி புகையும் அறையிலோ உட்கார்ந்து இந்த வேலையைச் செய்யாதீர்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள், குழந்தைகள் கைக்கு எட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது ஃப்ரிட்ஜ். குளிர்ச்சியில் திரவம் மெதுவாகத்தான் ஆவியாகும் என்பது உண்மை. ஆனால் போனதை ஃப்ரிட்ஜ் திருப்பித் தராது, குளிர்ந்த பாலிஷ் இன்னும் கெட்டியாகத்தான் தெரியும், மூடி தளர்ந்திருந்தால் பால், தயிர் வரை அந்த வாசனை ஏறும். விருதுநகர் வெயிலுக்கு பீரோவின் கீழ்த்தட்டே போதும். நிமிர்த்தி வையுங்கள், படுக்கப் போட்டால் பாலிஷ் கழுத்தில் வந்து காய்ந்து மூடி சரியாக உட்காராது, கெட்டியாவதற்கு அதுவும் ஒரு காரணம். ஜன்னலோரக் கண்ணாடி மேஜையில் வெயில் படும்படி வைக்காதீர்கள். ஒவ்வொரு முறையும் கழுத்தைத் துடைத்துவிட்டு மூடுங்கள். போடும்போது மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். வியர்க்கும்தான், தெரியும், ஆனால் ஃபேன் காற்று திறந்த பாட்டிலையும் காய வைக்கிறது, நகத்தில் பாலிஷின் மேல்படலத்தை மட்டும் காய வைத்து அடியில் ஈரத்தைப் பூட்டியும் விடுகிறது, சுருக்கமும் குமிழும் அதனால் வருவதுதான். இதெல்லாம் சாதாரண பாலிஷுக்கு. விளக்கு வெளிச்சத்தில் இறுக வைக்கும் ஜெல் பாலிஷ் வேறு ஜாதி, அதற்குத் தின்னர் உதவாது.

இரண்டே நாளில் பெயர்வதற்கு வருவோம். உங்கள் கடிதத்தில் நுனியில் பெயர்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் தண்ணீர் மேல்தான் எனக்குச் சந்தேகம். நகம் தண்ணீரை உறிஞ்சி உப்பும், காய்ந்தால் பழைய அளவுக்குச் சுருங்கும். காய்ந்த பாலிஷ் அதோடு சேர்ந்து அவ்வளவு அசையாது, விரிசல் விடும். பாத்திரம் தேய்த்து, துணி அலசி, நாளுக்குப் பத்துத் தடவை கை நனைகிற நமக்கெல்லாம் இதுதான் நடக்கிறது. ஆகவே குளித்த கையோடு பாலிஷ் போடாதீர்கள், ஒரு மணி நேரமாவது போகட்டும். போடுவதற்கு முன் வெறும் நகத்தையும் ரிமூவர் தொட்ட பஞ்சால் ஒருமுறை துடைத்துக் காய விடுங்கள், தலைக்கு எண்ணெய் வைத்த பிசுக்கு கண்ணுக்குத் தெரியாமல் நகத்தில் இருக்கும். நிறத்துக்கு அடியில் பூசும் பேஸ் கோட் கண்டிப்பாக வேண்டும், அடர் சிவப்பு என்பதால் அது இல்லாவிட்டால் நகம் மஞ்சளாகவும் ஆகும். நிறத்தைத் தடிமனாக ஒரே பூச்சாகப் பூசாமல் மெல்லிசாக இரண்டு தடவை, நடுவில் இரண்டு மூன்று நிமிடம் விட்டு. ஒவ்வொரு தடவையும் பிரஷ்ஷை நகத்தின் விளிம்பு மேலேயும் ஒரு இழுப்பு இழுத்துவிடுங்கள், பெரும்பாலானவர்கள் விடுவது இந்த விளிம்பைத்தான், தண்ணீர் நுழைவதும் அங்கேதான். கடைசியில் நிறத்தின் மேல் பூசும் டாப் கோட். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை டாப் கோட்டை மட்டும் மறுபடி ஒரு பூச்சு பூசினால் ஒரு வாரம் தாராளமாக நிற்கும். பாத்திரம் தேய்க்கும்போது ரப்பர் கையுறை போட்டால் இன்னும் நல்லது.

கல்யாணத்துக்கு மருதாணியும் வைப்பீர்கள் அல்லவா, அது முதலில், பாலிஷ் பிறகு. மருதாணி சிவக்க எண்ணெய் தடவுவார்கள், அது நன்றாகப் போன பிறகு நகத்தைத் துடைத்துவிட்டுப் பாலிஷ் போடுங்கள். கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலமே போட்டுவிடுவது நல்லது, தொட்டால் ஒட்டாமல் இருந்தாலும் உள்வரை இறுக சில மணி நேரமாகும், உடனே படுத்தால் போர்வையின் அச்சு விழும்.

இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. இந்த வாரமே தின்னரை வாங்கி, பதம் வந்ததும் ஒரு விரலில் மட்டும் போட்டு மூன்று நாள் வைத்துப் பாருங்கள். நிறம் திட்டுத்திட்டாக வந்தாலோ உரிந்தாலோ, அதே மாதுளை நிறத்தில் வேறொன்று தேட உங்களுக்கு நேரம் இருக்கும்.