பிரான்ஸின் ஒயின் ஊர்களுக்குப் போகிறவர்களுக்கு: கேள்வி பதில்

பிரான்ஸில் ஒயின் விளையும் பகுதிகளைச் சுற்றிப் பார்ப்பது பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாக்கி, ஒவ்வொன்றாகப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: அண்ணா, எங்களுக்குப் பத்து நாள் விடுமுறை. ஷாம்பெய்ன், அல்சாஸ், பர்கண்டி, ரோன், போர்தோ எல்லாவற்றையும் ஒரே பயணத்தில் பார்த்துவிடலாமா?

பார்க்கலாம், ஆனால் வேண்டாம் என்பேன். ஷாம்பெய்ன் பகுதியின் ரெய்ம்ஸ் நகரிலிருந்து போர்தோவுக்கே எழுநூறு கிலோமீட்டருக்கு மேல். பாதி நாள் நெடுஞ்சாலையில் போய்விடும். ஒரு பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள், மிஞ்சினால் பக்கத்தில் இருக்கும் இன்னொன்று. பர்கண்டியும் அதற்குக் கிழக்கே இருக்கும் ஷூரா பகுதியும் அப்படிப்பட்ட நல்ல ஜோடி, காரில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று கூடுதல்.

ஒரு நாளைக்குக் காலையில் ஒருவர், மாலையில் ஒருவர் என்று இரண்டு உற்பத்தியாளர்கள் போதும். மூன்றாவது இடத்துக்குப் போகும்போது நாக்கு களைத்திருக்கும், எல்லாம் ஒரே ருசியாகத் தோன்றும். பெரிய பெயர்களை வரிசையாக முடித்துவிட்டு வருவதைவிட, ஒரே மலைச்சரிவில் நான்கு நாள் நடந்து, அங்கே விளைவதை அங்கேயே குடித்துப் பார்ப்பதில்தான் ஒயின் பிடிபடும்.

கேள்வி: பர்கண்டியை எல்லோரும் இவ்வளவு புகழ்கிறார்களே, அங்கே பார்க்க என்ன இருக்கிறது? திராட்சைக் கொடிகள்தானே?

கொடிகள்தான். ஆனால் எந்தக் கொடி சரிவில் எந்த உயரத்தில் நிற்கிறது என்று பாருங்கள். டிஜோனிலிருந்து தெற்கே சான்த்னே வரை ஏறக்குறைய 60 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு சரிவு. பெரும்பாலும் கிழக்குப் பார்த்தது, காலை வெயில் நேராக விழும். நீளம் இவ்வளவு இருந்தாலும் அகலம் மிகக் குறைவு. பெரும்பாலும் இரண்டே வகைத் திராட்சைதான்: சிவப்புக்குப் பினோ நுவார், வெள்ளைக்கு ஷார்தொனே. திராட்சை மாறவில்லை, மண் மாறுகிறது.

அடிவாரத்தில், பழைய நெடுஞ்சாலையை ஒட்டி, களிமண் அதிகம், நீர் தேங்கும். அங்கே விளைவது வட்டாரத்தின் பொதுப் பெயரில் விற்கும் சாதாரண ஒயின். கொஞ்சம் ஏறினால் கிராமத்தின் பெயரைப் போட்டுக்கொள்ளும் தகுதி வரும். சரிவின் நடுப்பகுதியில் சுண்ணாம்புக் கல்லும் களிமண்ணும் சரியான அளவில் கலந்து, நீர் வடிந்து, வெயிலும் நன்றாகக் கிடைக்கும். 'பிரெமியே க்ரூ', 'கிரான் க்ரூ' என்ற உயர்தர நிலங்கள் இங்கேதான். இன்னும் மேலே போனால் மண் மெலிந்து, குளிர்காற்று அடித்து, தரம் மறுபடி இறங்கும். அதற்கு மேல் காடு. கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் ஒரு கடையின் விலைப்பட்டியலை நிமிர்த்தி வைத்தது போல இருக்கும். மெதுவாக நடந்தாலும் சிறிது நேரத்திலேயே ஏறிவிடலாம்.

இதையெல்லாம் பிரித்து அறிந்தவர்களில் சிஸ்டெர்சியன் என்ற கத்தோலிக்கச் சபையின் துறவிகள் முக்கியமானவர்கள். க்ளோ த வூஷோ என்ற தோட்டத்தைச் சுற்றி அவர்கள் எழுப்பிய மதில் இன்றும் இருக்கிறது. உள்ளே ஏறக்குறைய 50 ஹெக்டேர். பிரெஞ்சுப் புரட்சியில் தேவாலய நிலங்கள் பறிமுதலாகி ஏலம் போயின. அப்புறம் நெப்போலியனின் சட்டம் பிள்ளைகள் எல்லோருக்கும் சமபங்கு என்றது. விற்றும் பங்கு பிரிந்தும், அந்த ஒரே மதிலுக்குள் இன்று எண்பது உரிமையாளர்கள் அளவில் இருக்கிறார்கள். ஒருவருக்கு மேல்பகுதியில் சில வரிசைகள், இன்னொருவருக்குச் சாலையோரத்தில். லேபிளில் இருவரும் ஒரே பெயரைப் போடலாம். அதனால் பர்கண்டியில் நிலத்தின் பெயரோடு, பயிர் செய்தவரின் பெயரையும் கட்டாயம் பாருங்கள்.

போன் நகரத்தில் தங்குங்கள். அங்கிருந்து போமார், வோல்னே, மெர்சோ, புலினி-மோன்றாஷே வழியாகச் சான்த்னே வரை தோட்டங்களுக்கு நடுவே சைக்கிள் பாதை போகிறது, இருபது கிலோமீட்டர் சொச்சம். வாடகைச் சைக்கிள் போதும். போன் நகரத்துக்கு வடக்கே வோன்-ரொமானே கிராமத்தில் ரொமானே-கோன்தி தோட்டம் இருக்கிறது. உலகின் மிக விலையுயர்ந்த ஒயின்களில் ஒன்று விளைவது வெறும் 1.8 ஹெக்டேரில். சாலையில் நின்று தாராளமாகப் பார்க்கலாம். உள்ளே இறங்காதீர்கள், பழத்தைப் பறிக்கவே பறிக்காதீர்கள். இந்தச் சரிவின் நிலத்துண்டுகளை 2015-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

ருசி பார்க்கப் போகும் இடத்தில் இதைக் கேளுங்கள்: ஒரே ஆண்டில், ஒரே ஆள் செய்த கிராம ஒயினையும் பிரெமியே க்ரூவையும் பக்கத்தில் பக்கத்தில் ஊற்றித் தரச் சொல்லுங்கள். சரிவில் நீங்கள் நடந்து பார்த்த வித்தியாசம் கோப்பையில் தெரியும். எனக்கு பிரான்ஸிலேயே மிகப் பிடித்த அனுபவம் இதுதான்.

கேள்வி: ருசி பார்க்கும்போது துப்ப வேண்டும் என்கிறார்கள். வீட்டுக்காரர் எதிரே துப்பினால் மரியாதைக் குறைவாக இருக்காதா?

இருக்காது. துப்புவதற்கென்றே பாத்திரம் வைத்திருப்பார்கள், அவர்களும் அதைத்தான் செய்வார்கள். துப்புகிறவரைக் கண்டால் 'இவர் கவனமாக ருசிக்க வந்திருக்கிறார்' என்றுதான் நினைப்பார்கள். கார் ஓட்டுபவர் கண்டிப்பாகத் துப்ப வேண்டும். பிரான்ஸில் வரம்பு ஒரு லிட்டர் இரத்தத்துக்கு 0.5 கிராம், புதிதாக உரிமம் எடுத்தவர்களுக்கு 0.2 கிராம்தான். உண்மையில் ஓட்டுபவர் ருசி பார்க்காமல் இருப்பதே நல்லது.

முறை எளிது. கோப்பையைத் தண்டில் பிடியுங்கள். அசைக்காமல் ஒருமுறை முகருங்கள், சுழற்றிவிட்டு மறுபடி முகருங்கள். ஒரு வாய் எடுத்து, வாய் முழுக்கப் பரவவிட்டு, சில நொடி வைத்திருந்து துப்புங்கள். ருசி எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கவனியுங்கள். மட்டமான ஒயின் உடனே மறைந்துவிடும். அன்றைக்கு வாசனைத் திரவியம் பூசிக்கொண்டு போகாதீர்கள், உங்களுக்கும் பக்கத்தில் நிற்பவருக்கும் மூக்கு வேலை செய்யாது. பர்கண்டியில் பல நிலவறைகளில் சிவப்பை முதலில் தந்துவிட்டு வெள்ளையைப் பிறகு தருவார்கள். திகைக்க வேண்டாம், அங்கே அது வழக்கம்.

கேள்வி: பாரிஸில் அக்கா வீட்டுக்குப் போகிறோம். ஒரே ஒரு நாள் கிடைக்கும். எங்கே போகலாம்?

ஷாம்பெய்ன். பாரிஸ் கிழக்கு ரயில் நிலையத்தில் அதிவேக ரயில் ஏறினால் முக்கால் மணியில் ரெய்ம்ஸ். பிரெஞ்சு அரசர்கள் முடிசூடிய பேராலயத்தைக் காலையில் பார்த்துவிட்டு, முன்பதிவு செய்த நிலவறைக்குப் போங்கள். பல நூற்றாண்டுகளுக்கு முன் சுண்ணாம்புக்கல் வெட்டிய குழிகளைத்தான் சில நிறுவனங்கள் நிலவறையாக வைத்திருக்கின்றன. கோடையிலும் உள்ளே பத்துப் பன்னிரண்டு டிகிரிதான், ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள்.

பாட்டிலுக்குள்ளேயே இரண்டாவது முறை நொதிப்பதால்தான் அந்தக் குமிழிகள். லேபிளில் அறுவடை ஆண்டு குறிப்பிடாத ஷாம்பெய்ன்கூட விற்பனைக்கு வரும் முன் குறைந்தது 15 மாதம் இருப்பில் இருக்க வேண்டும், ஆண்டு குறிப்பிட்டதற்கு மூன்று வருடம். வாங்கும்போது லேபிளில் சிறிய எழுத்தில் 'ஆர்.எம்.' என்று இருக்கிறதா பாருங்கள். தன் திராட்சையில் தானே ஒயின் செய்யும் விவசாயி என்று பொருள். திராட்சையை வெளியில் வாங்கிச் செய்யும் பெரிய நிறுவனங்களில் 'என்.எம்.' என்று இருக்கும். நான் ஆர்.எம். பக்கம்தான்.

கேள்வி: ஒயின் பற்றி ஒன்றுமே தெரியாது. எங்கிருந்து தொடங்கலாம்?

அல்சாஸ். அங்கே பெரும்பாலும் லேபிளிலேயே திராட்சையின் பெயர் இருக்கும், அதனால் குழப்பமில்லை. ரீஸ்லிங் புளிப்பும் கூர்மையுமாக இருக்கும். கெவுர்ஸ்திராமினரில் ரோஜா மணமும் லிச்சிப் பழ மணமும் தூக்கலாக வரும், முதன்முறை முகர்பவருக்கும் தெரிந்துவிடும். காரமான சாப்பாட்டோடு நன்றாகச் சேர்வதும் அதுதான்.

மார்லென்ஹைம் என்ற ஊரிலிருந்து 'தான்' என்ற ஊர் வரை போகும் ஒயின் சாலை 1953-இல் திறக்கப்பட்டது, நீளம் ஏறக்குறைய 170 கிலோமீட்டர். முழுவதும் ஓட்ட வேண்டாம். கொல்மாரில் தங்கி, எகிஷைம், ரிக்விர், கைசெர்ஸ்பெர்க் மூன்றும் பார்த்தால் போதும். மேற்கே வோஷ் மலை மழையைத் தடுத்துவிடுவதால் வானம் பெரும்பாலும் தெளிவாக இருக்கும்.

கேள்வி: போர்தோவைப் பற்றி நீங்கள் பேசுவதே இல்லையே, ஐயா?

பேசலாம். 1855-இல் பாரிஸ் கண்காட்சிக்காக, அன்றைய சந்தை விலையை வைத்துத் தரகர்கள் பெரும்பாலும் போர்தோவின் மெதோக் பகுதியைச் சேர்ந்த சிவப்பு ஒயின்களை ஐந்து படிநிலைகளாகப் பிரித்தார்கள். அதில் பெரிய மாற்றம் ஒன்றே ஒன்று: 1973-இல் மூத்தோன் ரோத்ஷீல்ட் என்ற தோட்டம் முதல் படிக்கு ஏறியது. அந்தப் பட்டியலில் உள்ள புகழ்பெற்ற மாளிகைத் தோட்டங்களில் பல முன்பதிவு இல்லாமல் கதவு திறக்காது, கட்டணமும் அதிகம். நிலமும் சமதளம், நடந்து பார்க்க அவ்வளவு இல்லை.

அதனால் என் யோசனை: போர்தோ நகரத்திலிருந்து ரயிலில் சேன்-தெமிலியோன் போங்கள், 1999 முதல் யுனெஸ்கோ பட்டியலில் உள்ள ஊர். மெர்லோ திராட்சைதான் அங்கே பிரதானம், சிவப்பு ஒயின் மெதோக்கைவிட மென்மையாக இருக்கும். இன்னொரு நாள் சோத்தேர்ன். சிரோன் ஆற்றின் குளிர்ந்த நீர் கரோன் ஆற்றில் கலக்கும் இடத்தில் இலையுதிர்காலக் காலைகளில் மூடுபனி எழும். அந்த ஈரத்தில் ஒரு பூஞ்சை பழத்தைப் பிடித்துச் சுருக்கிவிடும், சர்க்கரை செறிவாகும். அப்படிச் சுருங்கியதை மட்டும் பார்த்துப் பார்த்துப் பல சுற்று கையால் பறித்துச் செய்யும் இனிப்பு ஒயின் அது. எவ்வளவு உழைப்பு என்று நேரில் பார்த்தால் அந்த விலை அதிகமாகத் தெரியாது.

கேள்வி: கூட்டமில்லாத இடம் ஏதாவது?

ஷூரா. அர்புவா என்ற சிற்றூரில் லூயி பாஸ்தர் வளர்ந்தார். நொதித்தல் ஆராய்ச்சிக்கு அந்த ஊர் ஒயினையே எடுத்துக்கொண்டார், அவர் வீட்டைப் பார்க்கலாம். அங்கே 'வான் ஷோன்' என்று ஒரு மஞ்சள் ஒயின். சவான்யான் திராட்சையில் செய்து, பீப்பாயில் ஊற்றி, ஆவியாகிக் குறையும் அளவை நிரப்பாமலே விட்டுவிடுவார்கள். மேலே ஈஸ்ட் ஆடை படரும். ஆறு வருடத்துக்கு மேல் காத்திருந்த பிறகே பாட்டிலுக்கு வரும். ஒரு லிட்டர் ஊற்றினால் மிஞ்சுவது இவ்வளவுதான் என்று 62 சென்டிலிட்டர் பாட்டிலில் அடைக்கிறார்கள். வால்நட், கறித்தூள் மணம் வரும். உள்ளூர் கோம்தே பாலாடைக்கட்டியோடு சாப்பிடுங்கள். முதல் வாயில் பிடிக்காமல் போகலாம், இரண்டாவது வாய் குடித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கேள்வி: எந்த மாதம் போகலாம்? முன்பதிவு வேண்டுமா?

மே, ஜூன், இல்லையென்றால் அக்டோபர். ஆகஸ்டில் பலர் விடுமுறையில் போய்விடுவார்கள், அறுவடை நேரத்தில் உங்களோடு பேச யாருக்கும் நேரம் இருக்காது. சிறிய உற்பத்தியாளர்களுக்கு ஒரு வாரம் முன்பே மின்னஞ்சல் போடுங்கள். பகல் 12 முதல் 2 வரை சாப்பாட்டு நேரம், கதவைத் தட்டாதீர்கள். ஞாயிறு பெரும்பாலும் மூடியிருக்கும். இலவசமாக ருசி காட்டினால் ஒன்றிரண்டு பாட்டில் வாங்கிவிட்டு வருவதுதான் முறை.

கேள்வி: நான் சைவம். ஒயினில் அசைவம் ஏதாவது சேர்க்கிறார்களா?

சில சமயம் உண்டு. ஒயினைத் தெளிய வைக்க முட்டை வெள்ளைக்கரு, பால் புரதம், மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் பொருள் இவற்றைப் பயன்படுத்துவார்கள். பிறகு அவற்றை வடித்துவிடுவார்கள். ஒருவகைக் களிமண்ணால் தெளிய வைப்பவர்களும் உண்டு, எதையும் சேர்க்காதவர்களும் உண்டு. பாட்டிலில் 'வீகன்' என்று இருந்தால் சிக்கல் இல்லை. இல்லையென்றால் நேரில் கேளுங்கள், செய்தவரே எதிரில் நிற்பார், தயங்காமல் சொல்வார்.

கேள்வி: சென்னைக்கு எத்தனை பாட்டில் கொண்டுவரலாம்?

சுங்கவரி இல்லாமல் பெரியவர் ஒருவருக்கு 2 லிட்டர். 750 மில்லி பாட்டில் இரண்டு என்றால் சரி, மூன்றாவது வரம்பைத் தாண்டிவிடும், அதை அறிவித்து வரி கட்ட வேண்டும். கைப்பையில் விடமாட்டார்கள். துணியில் நன்றாகச் சுற்றி, பெரிய பெட்டியின் நடுவில் வையுங்கள். ஊருக்கு வந்ததும் உடனே திறக்காமல் ஒன்றிரண்டு வாரம் விட்டுவையுங்கள். நம் வெயிலில் சமையலறை அலமாரி ஆகாது. குளிர்பதனப் பெட்டியின் அடித்தட்டில் படுக்க வைத்து, சிவப்பாக இருந்தால் குடிப்பதற்கு அரைமணி முன்னால் வெளியே எடுங்கள்.