பெருமாளுக்கு ஆயுசு கேட்கலாமா?

கேள்வி: ஆதியும் அந்தமும் இல்லாதவன் என்கிறீர்கள். அவனையே ‘பல்லாண்டு’ வாழச் சொல்லிப் பாடவும் செய்கிறீர்கள். எல்லையில்லாதவனுக்கு வருஷக் கணக்கா? லாஜிக் இடிக்கிறதே!
– வாசகர், மதுரை

பதில்: இடிக்கத்தான் செய்கிறது. முதலில் இடித்தது உங்கள் ஊரில்தான். பாண்டியன் சபையில் பொற்கிழியை வென்ற பெரியாழ்வார் யானைமேல் பவனி வருகிறார். பார்க்கப் பெருமாளே கருடன்மேல் வந்துவிட்டார் என்கிறது வைணவ குருமார்களின் வரலாறு சொல்லும் குருபரம்பரைக் கதை. வேறு யாராவது என்றால் வரம் கேட்டிருப்பார்கள். இவருக்கோ, இத்தனை அழகும் இப்படி வெட்டவெளியில் நிற்கிறதே, கண் பட்டுவிட்டால் என்ற பதைப்பு! யானையின் மணியையே தாளமாக்கித் ‘திருப்பல்லாண்டு’ பாட ஆரம்பித்துவிட்டார்.

இதில் வேடிக்கை, அவர் பாடுவது ‘மல்லாண்ட திண்தோள்’ என்று. மல்லர்களைச் சாய்த்த தோளைப் பார்த்தால் தைரியமல்லவா வர வேண்டும்? என் தம்பி போலீஸ் இன்ஸ்பெக்டர். துப்பாக்கியும் கையுமாக நைட் டியூட்டிக்குக் கிளம்புகிறவனிடம் அம்மா இன்றைக்கும், “இருட்டுல பார்த்துப் போடா, தெருவுல நாய் கிடக்கும்” என்பாள். அந்த மாதிரிப் பயம் இது.

‘பல்லாண்டு பல்லாண்டு பல்லாயிரத்தாண்டு பலகோடி நூறாயிரம்’ – வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். போதாமல் போதாமல் எண் ஏறிக்கொண்டே போகும். பிரம்மாவின் ஒரு பகலே 432 கோடி வருஷம் என்பது புராணக் கணக்கு. பெருமாளுக்கு அதுவும் சில்லறை. ஆழ்வாருக்கா இது தெரியாது? கையில் இருக்கிற எண்ணையெல்லாம் கொட்டிவிடுகிறார், அவ்வளவுதான்.

அடுத்த பாட்டு எனக்கு இன்னும் பிடிக்கும். ‘அடியோமோடும் நின்னோடும் பிரிவின்றி ஆயிரம் பல்லாண்டு.’ நாலு நாள் இருந்துவிட்டுப் போகிற நம்மையும் முடிவே இல்லாதவனையும் ஒரே வரியில் முடிச்சுப் போட்டு, சேர்த்தே ஆயுசு கேட்கிறார். என்ன உரிமை பாருங்கள்! பிறகு மார்பில் இருக்கும் தாயாருக்கு, சக்கரத்துக்கு, கடைசியில் சங்குக்கும் பல்லாண்டு.

‘பொங்கும் பரிவாலே’, அதாவது இப்படிப் பொங்கிய அக்கறையால், கிடைத்த பெயர்தான் ‘பெரியாழ்வார்’ என்று வைணவ ஆசாரியர் மணவாள மாமுனிகள் உபதேசரத்தினமாலையில் சொல்கிறார். ஆழ்வார்கள் பாடிய நாலாயிர திவ்யப் பிரபந்தத்திலும் முதலில் நிற்பவை திருப்பல்லாண்டின் இந்த 12 பாசுரங்களே. கூடலழகர் கோயில் உங்களுக்குப் பக்கம்தானே, கோஷ்டியாகச் சேர்ந்து பாசுரம் சொல்லும்போது ஒருநாள் போய் நில்லுங்கள். வேகமாகத்தான் சொல்லுவார்கள், ‘அடியோமோடும்’ வரும்போது மட்டும் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள்.