பழைய எண்ணும் பாஸ்போர்ட் நகலும்

கேள்வி: செவிலியர் வேலைக்காக அடுத்த மாதம் ஜெர்மனிக்குப் போகிறேன். இங்குள்ள சிம்மை அப்படியே விட்டுவிடலாமா? அங்கே வாடகைக்கு வீடு தருவதாகச் சொல்லும் ஒருவர் பாஸ்போர்ட் நகலை வாட்ஸ்அப்பில் கேட்கிறார். அனுப்பலாமா?
- வாசகி, கரூர்

பதில்: சிம்மை விட்டுவிடாதீர்கள். மஸ்கட்டுக்கு வேலைக்குப் போனபோது நான் விட்டேன். ஒன்றரை வருடம் கழித்து விடுமுறையில் வந்து வங்கிக் கணக்குக்குள் நுழையப் பார்த்தால், ஓடிபி எனக்கு வரவில்லை. பழைய எண்ணுக்கு அழைத்தேன். தேனிப் பக்கம் வாழைக்காய் வியாபாரி ஒருவர் எடுத்தார். "நீங்கள்தானா சார்? உங்கள் வீட்டுக்கு எப்போது காஸ் சிலிண்டர் வருகிறது என்பது எனக்குத்தான் முதலில் தெரியும்" என்றார். நல்ல மனிதர், பிழைத்தேன்.

நம் ஊரில் 90 நாள் பயன்படுத்தாமல் கிடக்கும் எண்ணைத் துண்டிக்கலாம். பிறகு அது வேறொருவர் கைக்குப் போகும். வங்கி, ஆதார், வருமான வரி எல்லாம் அந்த எண்ணில்தான் தொங்குகின்றன. ஆகவே ரீசார்ஜை நிறுத்தாதீர்கள்; ரோமிங் வசதியை இங்கிருக்கும்போதே வாங்கிவிடுங்கள். சிம்மை அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். ஓடிபி கேட்டு எவன் அழைத்தாலும், மகளுக்கு ஏதோ அவசரம் என்று பாவம், வாசித்துக் காட்டிவிடுவார்.

பாஸ்போர்ட் நகலை அனுப்பவே வேண்டாம். "நான் வெளியூரில் இருக்கிறேன், முன்பணம் போட்டால் சாவியைக் கூரியரில் அனுப்புகிறேன்" என்பது அங்கே பழைய தந்திரம். உங்கள் பாஸ்போர்ட்டைக் காட்டியே அடுத்த ஆளை ஏமாற்றுவார்கள். தெரிந்தவர் யாராவது வீட்டை நேரில் பார்க்கட்டும். குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் நகராட்சியில் முகவரியைப் பதிய வேண்டும். அதற்கு வீடு கொடுத்தவர் கையெழுத்திட்ட சான்று தேவை. அதைத் தருவாரா என்று இப்போதே கேளுங்கள், ஆள் யாரென்று பாதி தெரிந்துவிடும். பின்னால் நகல் கொடுத்தே தீர வேண்டுமென்றால், "வாடகை ஒப்பந்தத்துக்கு மட்டும்" என்று தேதியோடு அதன் குறுக்கே எழுதிக் கொடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று: விசா படிவத்தை எங்கே நிரப்பினீர்கள்? பிரவுசிங் சென்டரிலா? அப்படியானால் உங்கள் பாஸ்போர்ட்டும் மதிப்பெண் பட்டியலும் அந்தக் கணினியின் டவுன்லோட்ஸில் இன்னமும் கிடக்கலாம். கோப்பை அனுப்ப அங்கே வாட்ஸ்அப்பைத் திறந்திருந்தால், அதுவும் இன்னும் இணைந்தே இருக்கலாம். உங்கள் ஃபோனில் வாட்ஸ்அப்பின் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' பகுதியைத் திறந்து, தெரியாத கணினி இருந்தால் உடனே வெளியேற்றுங்கள். பிறகு கடைக்கு நேரில் போய்க் கோப்புகளை அழிக்கச் சொல்லுங்கள். ரீசைக்கிள் பின்னைக் காலி செய்யும்வரை அங்கேயே நில்லுங்கள்.