தொழிற்கல்வி நடத்தும் ஆசிரியருக்கு என்ன பயிற்சி வேண்டும்?

மேல்நிலைப் பள்ளியில் தொழிற்கல்வி எடுக்கும் ஆசிரியர்களை எப்படித் தயார்படுத்துவது என்று கேட்டிருக்கிறீர்கள். காரைக்குடிப் பக்கம் பல வருடம் பிளஸ் டூ தொழிற்பிரிவில் மின்சாரப் பாடம் நடத்தியவன் நான். ஆசிரியரை முதலில் ஒரு பட்டறையில் கற்றுக்குட்டியாக நிறுத்துங்கள் என்பேன்.

தமிழ்நாட்டில் 1978-ல் பிளஸ் டூ வந்தபோதே தொழிற்பிரிவும் வந்துவிட்டது. ஆனாலும் நான் போன பயிற்சிகளில் பெரும்பாலும் நாற்காலியில் உட்கார்ந்து குறிப்பெடுத்ததோடு சரி.

ஒரு கோடை விடுமுறையில் ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறை ஒன்றில் உட்கார்ந்தேன். கண்ணாடி மேல் இரும்புச் சட்டம், அதற்குள் பூ அச்சு. ஒவ்வொரு கட்டத்திலும் வண்ணக் கலவையை ஊற்றிவிட்டு அச்சைத் தூக்க வேண்டும். நான் தூக்கியதும் சிவப்பு மஞ்சளுக்குள் ஓடிவிட்டது. பக்கத்தில் இருந்த அண்ணன், "பழகப் பழக வந்துரும் சார்" என்றார். மூன்றாம் நாள்தான் பிடிபட்டது: அவர் கலவை கொஞ்சம் இறுகும்வரை ஒரு நொடி நிதானிக்கிறார், பிறகு இரண்டு கையாலும் ஒரே சீராக நேர் மேலே எடுக்கிறார். அவருக்கு அது கையில் இருக்கிறது, வாயில் வரவில்லை. அதைக் கண்டுபிடித்து, பிள்ளைகளுக்குப் படிப்படியாகப் பிரித்துச் சொல்வதுதான் வாத்தியார் வேலை. பி.எட். படித்தவருக்குக் கைப்பழக்கம் வேண்டும், வேலை தெரிந்தவரைப் பள்ளிக்கு அழைத்தால் அவருக்குச் சொல்லிக்கொடுக்கும் முறை வேண்டும். இரண்டு பேருக்கும் ஒரே பயிற்சி வைப்பது வீண்.

2020 தேசியக் கல்விக் கொள்கை, ஆறு முதல் எட்டு வகுப்புப் பிள்ளைகள் புத்தகப் பை இல்லாமல் 10 நாள் உள்ளூர்த் தச்சர், குயவரிடம் பழகலாம் என்கிறது. நல்ல யோசனை. ஆனால் கூட்டிப்போகிற ஆசிரியர் அதற்கு முன்பே அங்கே போய் உட்கார்ந்திருக்க வேண்டும்.

அப்புறம், மதிப்பெண் போடவும் பயிற்சி வேண்டும். ரெக்கார்டு நோட்டு அழகாக இருந்தால் மார்க் போட்டவன்தான் நானும். அந்தக் கோடைக்குப் பிறகு முதல் வாரம் முழுக்க வயர் உரிப்பது மட்டும்தான் வைத்தேன். பிளேடு ஆழமாகப் பட்டால் உள்ளே செம்பு இழை அறுந்துவிடும், மிச்ச இழைகள் சூடாகும். ஒவ்வொரு பிள்ளையும் பத்துத் துண்டு உரித்து, இழைகளை எண்ணிக் காட்ட வேண்டும். ஒன்று குறைந்தாலும் மறுபடி உரிக்க வேண்டும். மார்க் அதற்குத்தான்.