பழைய கேசட்டுக்குப் புது பிளேயர் வாங்கலாமா?

கேள்வி: 1992-ல், ரகுமான் வந்த வருஷம், நான் ப்ளஸ் ஒன். மதுரைக்குப் போகும்போதெல்லாம் ரெக்கார்டிங் கடையில் பாட்டு லிஸ்ட் எழுதிக் கொடுத்து, 60 நிமிஷக் கேசட்டில் பதிந்து வாங்குவேன். அப்படிச் சேர்ந்த 35 கேசட் பீரோவில் இருக்கிறது. டேப் ரெக்கார்டர் ஓடவில்லை. பழைய மாடல் மாதிரியே ஒரு புது பிளேயர் ஆன்லைனில் 4,500 ரூபாய். கேசட்டை நேராகப் பென் டிரைவில் ஏற்றும் கருவி 2,000 ரூபாய். எதை வாங்குவது?
– வாசகி, திருமங்கலம்

பதில்: இரண்டும் வேண்டாம். உங்கள் பழைய பெட்டியை ஒரு நல்ல மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள்.

இப்போது வரும் பிளேயர்களில் பலவற்றுக்கும் தோற்றம் மட்டும்தான் பழசு. உள்ளே மலிவான மெக்கானிசம். வேகம் சீராக இருக்காது. புல்லாங்குழல் நீட்டி ஒலிக்கும் இடத்தில் சுருதி ஆடுவது காதில் உறுத்தும். அந்த 2,000 ரூபாய்க் கருவியும் இதே கதைதான். ஆடுகிற சுருதியையே பென் டிரைவில் ஏற்றிக் கொடுக்கும்.

வருஷக்கணக்கில் ஓடாத டேப் ரெக்கார்டரில் முதலில் போவது ரப்பர் பெல்ட். தொய்ந்துவிடும், சிலதில் பிசினாகவே உருகிவிடும். பெல்ட்டை மாற்றி, நாடாவைப் படிக்கும் ஹெட்டையும் ரப்பர் ரோலரையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்தாலே பல பெட்டிகள் பாடிவிடும். மதுரையில் டவுன்ஹால் ரோடு, மீனாட்சி பஜார் பக்கம் விசாரியுங்கள். என்ன மாற்றப்போகிறார், எவ்வளவு ஆகும் என்று எழுதி வாங்கிவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். கழற்றிய பாகத்தையும் கேட்டு வாங்குங்கள்.

அடுத்து, எந்தக் கேசட் முதலில்? சினிமாப் பாட்டு பெரும்பாலும் இன்று போனிலேயே இதைவிடத் தெளிவாகக் கிடைக்கிறது. எங்கேயும் கிடைக்காதது நீங்கள் எழுதிய வரிசை. பக்கத்துக்கு 30 நிமிஷம், ஆறு பாட்டு. எதற்குப் பின்னால் எது என்று நோட்டுத்தாளில் அடித்து அடித்து எழுதியிருப்பீர்கள். ஆறாவது பாட்டு பாதிச் சரணத்தில் நாடா தீர்ந்து நின்றுவிடும். இன்றைக்கும் டீக்கடையில் அந்தப் பாட்டு கேட்டால் எனக்கு அதே இடத்தில் மனசு ஒரு நொடி நிற்கிறது. பதினாறு வயதில் கேட்டது அப்படித்தான் ஒட்டிக்கொள்கிறது. அதனால், உங்கள் கையெழுத்துள்ள கேசட்டுகள் முதலில். அவற்றிலும் முந்தி, பாட்டை அழித்துவிட்டு வீட்டில் யாராவது பேசிப் பதிந்தது இருந்தால் அது. அப்பா குரலை எந்தக் கடையிலும் விலைக்கு வாங்க முடியாது.

ஓட்டும் முன் ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பாருங்கள். நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் தனியே எடுத்து வையுங்கள். அது ஹெட்டில் ஒட்டி மற்ற கேசட்டையும் கெடுக்கும். நடுவில் இருக்கும் சின்னப் பஞ்சுப் பட்டை விழுந்திருந்தால் சத்தம் மங்கும். வேண்டாத ஒரு கேசட்டிலிருந்து எடுத்துப் பொருத்தலாம். நல்லவற்றை ஒருமுறை முழுக்க முன்னும் பின்னும் சுற்றிய பிறகே பிளே போடுங்கள். 90 நிமிஷக் கேசட் இருந்தால் கூடுதல் கவனம், அதன் நாடா மெல்லிசு.

இயர்போன் துளையிலிருந்து ஒரு வயர், நடுவில் யு.எஸ்.பி. சவுண்ட் கார்டு, அப்புறம் லேப்டாப். பதிய ஆடாசிட்டி என்ற மென்பொருள் போதும், அது இலவசம். குறுக்குவழி கிடையாது: 60 நிமிஷக் கேசட்டுக்கு 60 நிமிஷம் ஆகும். ஒலியைச் சுருக்காத வேவ் கோப்பாக வைத்தால் ஒரு கேசட் சுமார் 600 எம்.பி.; முப்பத்தைந்தும் 32 ஜி.பி. பென் டிரைவில் அடங்கும். இரண்டு பிரதி எடுத்து வேறு வேறு இடத்தில் வையுங்கள்.

கேள்வி: அம்மாவுக்காகப் பழைய பாட்டு ஏற்றிய ஸ்பீக்கர் வாங்கினேன். பத்தே நாளில் சார்ஜ் ஏறவில்லை. ‘விற்ற பொருள் வாபஸ் இல்லை’ என்று பில்லிலேயே போட்டிருக்கிறது என்கிறார் கடைக்காரர்.
– வாசகர், மேலூர்

பதில்: அந்த வரி பழுதான பொருளுக்குச் செல்லாது. பில்லில் கெடு எதுவும் குறிக்காவிட்டால், 30 நாளுக்குள் பழுதான பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பது 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். இன்றே எழுத்தில் புகார் கொடுத்து, நகலில் கடைக்காரரின் கையெழுத்து வாங்குங்கள். மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அடுத்து தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். அதிலும் தீராவிட்டால் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் மனு போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை விலையுள்ள பொருளுக்கு மனுக் கட்டணம் இல்லை.