வால்யூம் நிரம்பினால் டெலீட்டில் கை வைக்காதீர்கள்

தம்பி, ஜனவரியில் அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்டில் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனிக்கு மெயின்ஃபிரேம் (பெரிய நிறுவனங்களின் மையக் கம்ப்யூட்டர்) ஸ்டோரேஜ் வேலைக்கு வருகிறேன், வீடு எங்கே பார்ப்பது, கார் உடனே வாங்கலாமா, நம்ம ஊர் மளிகை கிடைக்குமா, ராத்திரியில் வால்யூம் (டேட்டா வைக்கும் டிஸ்க்) நிரம்பினால் அங்கே என்ன செய்வார்கள் என்று ஒரே மூச்சில் கேட்டிருக்கிறீர்கள். மளிகை தாராளமாகக் கிடைக்கும், மிடில்டவுனில் கோயில்கூட இருக்கிறது, வீட்டுக்கு உங்கள் டீமில் யாரையாவது கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு மட்டும் நான் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நம்ம ஆட்கள் பெயர் கெடுவது அங்கேதான்.

ஊரில் ஷிஃப்ட் பார்த்தபோது பி37 (இடம் போதாமல் ஜாப் நின்றுபோகும் பிழை) விழுந்தால் நமக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். வால்யூமில் பெரிதாக, பழையதாக எது கிடக்கிறதோ அதைத் தூக்கு, ஜாபை ரீஸ்டார்ட் பண்ணு, டிக்கெட்டை மூடு. இங்கே அதைச் செய்தால் மறுநாள் காலை உங்களைத் தேடுவார்கள். இன்சூரன்ஸில் பழையது என்றால் வேண்டாதது என்று அர்த்தமில்லை, ஆடிட்டர் கேட்கப் போவதே அதைத்தான்.

முதலில் விடாக்கை, அதாவது வால்யூமில் எது எங்கே இருக்கிறது என்ற அட்டவணையைப் பாருங்கள். பாதி வால்யூம் காலியாக இருக்கும்போதே பி37 வரலாம், சாதாரண சீக்வென்ஷியல் டேட்டாசெட் (ஃபைல்) ஒரு வால்யூமில் 16 எக்ஸ்டென்டுக்கு (துண்டுக்கு) மேல் போக முடியாது. காலி இடம் சின்னச் சின்னத் துண்டாக இருந்தாலும் இதே கதிதான், முதலில் கேட்கும் இடமான பிரைமரியே 5 துண்டுக்குள் அடங்கியாக வேண்டும். டி37 என்ற பிழை வந்தால் செகண்டரி (பிரைமரி தீர்ந்தால் கேட்கும் கூடுதல் இடம்) எழுதாமல் விட்ட டெவலப்பரை எழுப்புங்கள். இதையெல்லாம் பார்க்காமலே 'டிஸ்க் போதவில்லை, புது வால்யூம் கொடுங்கள்' என்று மேனேஜரை சிசியில் வைத்து மெயில் போடும் சீனியர்கள் இங்கே நிறைய. இருபது வருஷம் இங்கே இருந்தும் அப்படித்தான்.

நிஜமாகவே நிரம்பியிருந்தால், அந்த வால்யூமை எஸ்எம்எஸ்ஸில் (எந்த ஃபைல் எந்த டிஸ்கில் என்று முடிவு செய்யும் சிஸ்டம்) டிஸ்நியூ நிலைக்கு மாற்றுங்கள், புதிதாக எதுவும் வந்து உட்காராது. க்வைநியூ என்ற இன்னொரு நிலை போதாது, வேறு எங்கும் இடமில்லையென்றால் சிஸ்டம் திரும்ப இங்கேதான் வரும். அப்புறம் டிஎஃப்டிஎஸ்எஸ் (ஃபைல்களை நகர்த்தும் டூல்) காப்பியை, காப்பி ஆனதும் பழைய இடத்திலிருந்து எடுத்துவிடும் டெலீட்டோடு சேர்த்துப் போட்டு நகர்த்துங்கள், அதற்கு முன் ஒரு தடவை நோரன் (நிஜமாக எதையும் நகர்த்தாத சோதனை ஓட்டம்) போட்டு எதெதெல்லாம் மாட்டுகிறது என்று லிஸ்டைப் படியுங்கள். எஸ்எம்எஸ்ஸுக்கு வெளியே இருக்கும் பழைய வால்யூம் என்றால் கேட்லாக் (எந்த ஃபைல் எந்த வால்யூமில் என்ற பட்டியல்) பண்ணவும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் டேட்டா டிஸ்கில் பத்திரமாக இருக்கும், கேட்லாகில் பெயர் இருக்காது. அங்கே யாரோ எந்தக் காலத்திலோ ஜேசிஎல்லில் (ஜாபை ஓட்டும் கட்டளை வரிகள்) வால்யூம் பெயரையே அடித்து வைத்திருப்பார்கள், நகர்த்திய அன்று ஒன்றும் ஆகாது, மாதக் கடைசியில் வெடிக்கும்.

டேட்டாபேஸான டிபி2, ஆன்லைன் வேலைகளை நடத்தும் சிஐசிஎஸ் பிடித்து வைத்திருக்கும் ஃபைல்கள் நகராது. என்க்யூ (ஃபைலை நமக்கென்று பூட்டுவது) ஃபெயில் ஆனாலும் பரவாயில்லை என்று ஒரு டாலரேட் ஆப்ஷன் இருக்கிறது, அதைப் போட்டால் காப்பி நடந்துவிடும், பாதி எழுதிய நிலையில். யாராவது அதைப் போடச் சொன்னால் மெயிலில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

இன்னொன்று, சாயங்காலம் எச்எஸ்எம்மில் எல்லாவற்றையும் மைக்ரேட் பண்ணிவிட்டு (டிஸ்கிலிருந்து டேப்புக்குத் தள்ளிவிட்டு), இடம் கிடைத்துவிட்டது என்று வீட்டுக்குப் போகிறவர்கள். அதே ஃபைல்களைத்தான் ராத்திரி பேட்ச் கேட்கும். டேப்பிலிருந்து அவை ரீகாலில் திரும்பி வரும்வரை ஜாப் ஒவ்வொன்றும் வரிசையில் நிற்கும், கிடைத்த இடமும் திரும்ப நிரம்பும்.

இதெல்லாம் மேனுவலில் படிக்கலாம். மேனுவலில் இல்லாதது, ராத்திரி இரண்டு மணிக்கு டேட்டாசெட் சொந்தக்காரருக்கு ஃபோன் அடிப்பது. தூங்குகிறவரை எழுப்பலாமா, அதுவும் சீனியரை, என்ற நம்ம ஊர் தயக்கம் எனக்கும் இருந்தது. நான் வந்தது 1999, ஒய்2கே (2000-ம் ஆண்டுத் தேதிப் பிரச்சினை) வேலைக்கு வந்த கூட்டத்தோடு. கூட்டிவந்த ஏஜென்சி, பெயர் வேண்டாம், ப்ராஜெக்ட் கிடைக்கும்வரை சம்பளமில்லை என்றது. கெஸ்ட் ஹவுஸில் ஆறேழு பேருக்கு ஒரே டெலிஃபோன் லைன், அதில்தான் டயல்அப் மோடமும். என் பேஜர் கத்தும் நேரத்தில்தான் யாராவது காலிங் கார்டைச் சுரண்டி ஊருக்குப் பேச உட்காருவார்கள், கார்டில் நிமிஷம் தீரும்வரை பி37 காத்திருக்கும். கிடைத்த ப்ராஜெக்டில், ஆபரேஷன்ஸில் வயதான அம்மா ஒருவர் இருந்தார், தயங்காமல் வைஸ் பிரசிடென்ட்டையே எழுப்பி, 'இது உங்களுடையது, நகர்த்தட்டுமா?' என்று கேட்டு, பதிலையும் நேரத்தையும் சேஞ்ச் டிக்கெட்டில் எழுதிவிட்டுத்தான் என்னைத் தொட விடுவார். எழுப்பியதற்காக அவரை யாரும் கோபித்து நான் பார்த்ததில்லை. நானும் பழகிக்கொண்டேன், இப்போது என் டீமில் ராத்திரி அதிகம் பேரை எழுப்புகிறவன் நான்தான், கொஞ்சம் பெருமையாகவே சொல்கிறேன்.

கார் பனி முடிந்தபின் வாங்குங்கள். சேர்ந்ததும் ஆன்கால் லிஸ்டை வாங்கிப் பாருங்கள், பாதி நம்பர் வேலையை விட்டுப் போனவர்களுடையதாக இருக்கும், பகலிலேயே ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுச் சரிபார்த்துவிடுங்கள்.