டிரெய்லர் இழுக்க டீசல் டிரக் வாங்கினால் எரிபொருள் செலவு மிச்சமாகுமா?

கேள்வி: டெக்சஸில் டாலஸுக்குப் பக்கத்தில், ஃபிரிஸ்கோவில் இருக்கிறோம். நானும் மனைவியும் வேலைக்குப் போகிறோம். இருவர் வருமானமும் சேர்த்து வருடத்துக்கு 2,40,000 டாலர். இரண்டு பிள்ளைகள், பெரியவளுக்கு 11 வயது. லீவு நாட்களில் குடும்பமாகச் சுற்றுவதற்கு ஒரு டிராவல் டிரெய்லருக்கு முன்பணம் கட்டிவிட்டோம். சாமான்களோடு அதன் உச்ச எடை 7,600 பவுண்டு. இழுக்க ஃபோர்டு எஃப்-250 வாங்கலாம் என்று இருக்கிறோம். 7.3 லிட்டர் கேஸ் (பெட்ரோல்) எஞ்சின் வண்டியைவிட 6.7 லிட்டர் டீசல் வண்டி 10,500 டாலர் அதிகம். "மைலேஜ் நன்றாக இருக்கும், போட்ட காசு எரிபொருளிலேயே திரும்பிவிடும்" என்கிறார் டீலர். வருடத்துக்கு 10,000 மைல் ஓட்டுவோம். அதில் டிரெய்லரோடு 2,500 மைல் இருக்கலாம். மற்றபடி பள்ளிக்கூடம், நாலு மைல் தள்ளி அலுவலகம், அவ்வளவுதான். 60,000 டாலர் அளவில் 72 மாதக் கடன், 7 சதவீத வட்டி. எங்கள் ஊரில் இப்போது கேஸ் கேலன் 2.80 டாலர், டீசல் 3.40. டீசல் எடுக்கலாமா? கடன் வட்டிக்கு வரிக்கழிவு உண்டு என்கிறார்களே, அது எங்களுக்குக் கிடைக்குமா?

பதில்: கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் கேட்டீர்களே, அதுவே பெரிய நிம்மதி. நேரடியாகச் சொல்லிவிடுகிறேன்: உங்கள் ஓட்டத்துக்கு அந்த 10,500 டாலர் எரிபொருளில் திரும்பி வராது. டீசல் வாங்க வேறு நியாயமான காரணங்கள் இருக்கலாம். மைலேஜ் அதில் ஒன்று இல்லை.

அரசாங்க மைலேஜ் தாளைத் தேடிப் பார்த்திருப்பீர்கள், கிடைத்திருக்காது. 8,500 பவுண்டுக்கு மேல் மொத்த எடை குறிக்கப்பட்ட பிக்கப்புகளுக்கு அந்தத் தாள் ஒட்ட வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. எஃப்-250 அந்த வகை. அதனால் இப்படிப்பட்ட வண்டி வைத்திருப்பவர்கள் வழக்கமாகச் சொல்லும் அளவை எடுத்துக்கொள்கிறேன். டிரெய்லர் இல்லாமல் ஓடும்போது கேஸ் வண்டி கேலனுக்கு 15 மைல், டீசல் 18. டிரெய்லர் கட்டினால் கேஸ் 8, டீசல் 12.

இதை மைலுக்கு எத்தனை சென்ட் என்று மாற்றிப் பாருங்கள். வெறும் வண்டியாக ஓடும்போது கேஸ் 18.7 சென்ட், டீசல் 18.9 சென்ட். ஆமாம், டீசல்தான் ஒரு துளி அதிகம். மைலேஜ் 20 சதவீதம் கூடுதல், ஆனால் கேலன் விலையும் 21 சதவீதம் கூடுதல். ஒன்றை ஒன்று தின்றுவிடுகிறது. டிரெய்லர் கட்டியபிறகு கேஸ் 35 சென்ட், டீசல் 28.3 சென்ட். மிச்சம் என்று ஒன்று இருந்தால் இங்கேதான், மைலுக்கு 6.7 சென்ட்.

வருடம் முழுவதற்கும் கூட்டினால் கேஸ் வண்டிக்கு 2,275 டாலர், டீசல் வண்டிக்கு 2,125 டாலர். வித்தியாசம் 150 டாலர். டிரெய்லர் இழுக்கும் மைலில் மட்டுமே மிச்சம் என்பதால், 10,500 டாலரை எடுக்க டிரெய்லரோடு ஒன்றரை லட்சம் மைலுக்கு மேல் ஓட வேண்டும். வருடத்துக்கு 2,500 மைல் என்றால் 63 வருடம்.

அந்த 150 டாலரும் கையில் தங்காது. டீசல் வண்டிக்குத் தனியாக டிஇஎஃப் என்ற யூரியா கரைசல் ஊற்ற வேண்டும். ஆயில் மாற்றும்போது கேஸ் எஞ்சினுக்கு 8 குவார்ட் போதும், டீசலுக்கு 12 குவார்ட்டுக்கு மேல் போகும். எரிபொருள் ஃபில்டர்களையும் காலக்கெடு தவறாமல் மாற்ற வேண்டும். இவற்றைச் சேர்த்தால் வருட முடிவில் டீசல் வண்டிதான் அதிகம் செலவு வைத்திருக்கும்.

விலையையும் நம்ப முடியாது. இப்போது உங்கள் ஊரில் வித்தியாசம் 60 சென்ட். 2022 நவம்பரில் அமெரிக்கச் சராசரியே கேலனுக்கு ஒன்றரை டாலருக்கு மேல் விலகியிருந்தது. சரக்கு லாரி, ரயில், விவசாய டிராக்டர், வடகிழக்கு மாநிலங்களில் வீட்டைச் சூடாக்கும் எண்ணெய் என்று எல்லாமே கச்சா எண்ணெயில் டீசல் பிரியும் அந்த ஒரே பகுதியைத்தான் நம்பியிருக்கின்றன. எங்கே தட்டுப்பாடு வந்தாலும் டீசல் விலை ஏறும். மத்திய வரியும் கேஸுக்கு கேலனுக்கு 18.4 சென்ட், டீசலுக்கு 24.4 சென்ட். அந்த நவம்பர் விலையில் உங்கள் கணக்கைப் போட்டால் டீசல் வருடா வருடம் நஷ்டம்தான்.

இனி எனக்கு உண்மையிலேயே கவலை தரும் விஷயம்: உங்கள் நாலு மைல் அலுவலகம். இன்றைய டீசல் வண்டிகளின் புகைக்குழாயில் கரியைப் பிடித்து வைக்கும் ஒரு ஃபில்டர் இருக்கிறது. சேர்ந்த கரி எரிய வேண்டுமானால் புகை நன்றாகச் சூடாக வேண்டும். அதற்கு நெடுஞ்சாலையில் விடாமல் ஓட வேண்டும். பள்ளிக்கூடம், அலுவலகம், கடை என்று ஓட்டினால் எஞ்சின் சூடேறுவதற்குள் வீட்டுக்கு வந்து அணைத்துவிடுவீர்கள். என்னிடம் ஆலோசனைக்கு வரும் ஒரு குடும்பம் இப்படித்தான் டீசல் டிரக் வாங்கினார்கள். நான் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, அந்த அம்மா சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். எங்கே என்று கேட்டேன். "ஃபில்டர் நிறைந்துவிட்டது என்று மறுபடியும் வந்துவிட்டது, ஹைவேயில் அரை மணி நேரம் ஓட்டிவிட்டு வருகிறேன்" என்றார். திரும்பி வந்து வண்டியை நிறுத்தியபோது போனின் ஒளியில் டாஷ்போர்டைக் காட்டினார், செய்தி போயிருந்தது. இரண்டு வாரத்தில் மறுபடி வரும் என்றார். வாரண்டி முடிந்தபிறகு இந்தப் பகுதிகளிலோ உயர் அழுத்த எரிபொருள் பம்பிலோ கோளாறு வந்தால் பில் ஆயிரக்கணக்கில் வரும்.

டீசல் பக்கம் இருக்கும் நியாயத்தையும் சொல்ல வேண்டும். 7.3 கேஸ் எஞ்சினின் முறுக்குவிசை 485 பவுண்டு-அடி, அதுவும் நிமிடத்துக்கு 4,000 சுழற்சியில். 6.7 டீசலுக்கு 1,050, இரண்டாயிரம் சுழற்சியைத் தாண்டுவதற்கு முன்பே. நீங்கள் கொலராடோ போவீர்கள் என்று நினைக்கிறேன். டாலஸ்காரர்கள் எல்லோரும் கோடையில் போவது அங்கேதான். அமரில்லோ தாண்டி ரேட்டன் கணவாய் 7,834 அடி. டென்வருக்கு மேற்கே ஐ-70 சாலையில் ஐசன்ஹோவர் சுரங்கப்பாதை 11,158 அடி, ஏற்றம் 7 சதவீதம். காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு ஆயிரம் அடிக்கும் சுமார் 3 சதவீதம் சக்தியை இழக்கும். உங்கள் 430 குதிரைத்திறன் அந்த உச்சியில் முந்நூறை ஒட்டி நிற்கும். எஞ்சின் கத்திக்கொண்டே ஏறும். டீசலில் டர்போ இருப்பதால் அந்த இழப்பு மிகக் குறைவு. இறங்கும்போது, புகை வெளியேறுவதைத் தடுத்து வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக் வண்டியைப் பிடித்துக்கொள்ளும், கால் பிரேக்கைத் தேடாது. ஓட்டுபவருக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் 7,600 பவுண்டை 7.3 எஞ்சின் பத்திரமாகவே ஏற்றிவிடும். வலது லேனில், டோ-ஹால் மோடில் (பாரம் இழுப்பதற்கான கியர் அமைப்பு), 45 மைல் வேகத்தில் போங்கள். வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை அரை மணி நேரம் தாமதமாகும்.

விற்கும்போது டீசலுக்கு மதிப்பு நிற்கும் என்பதும் சரி. ஆறு வருடம் கழித்து அந்த 10,500 டாலரில் பாதி திரும்பக் கிடைக்கும் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் அதைக் கடனாக வாங்குகிறீர்கள்: மாதம் 179 டாலர், 72 மாதத்தில் வட்டி மட்டும் 2,390 டாலர் அளவில். இழந்த பாதியும் வட்டியும் சேர்த்து 7,600 டாலருக்கு மேல். அதாவது அந்த மலையேற்ற சுகத்துக்கு வருடம் சுமார் 1,270 டாலர் கொடுக்கிறீர்கள். தெரிந்தே கொடுத்தால் தப்பில்லை. மிச்சம் பிடிக்கிறோம் என்று நினைத்துக் கொடுப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

14,000 பவுண்டு டிரெய்லரை வருடம் 20,000 மைல் இழுப்பவராக நீங்கள் இருந்திருந்தால் நானே டீசல் வாங்கச் சொல்லியிருப்பேன். அந்த ஓட்டத்தில் எரிபொருளிலேயே வருடம் 1,300 டாலருக்கு மேல் மிச்சமாகும், மறுவிற்பனையையும் சேர்த்தால் நாலைந்து வருடத்தில் சரிக்கட்டிவிடும்.

"அப்படியானால் இன்னும் சின்னதாக, எஃப்-150 அளவில் கேஸ் வண்டி போதுமே" என்று யாராவது சொல்வார்கள். விளம்பரத்தில் 9,000, 11,000 பவுண்டு இழுக்கும் என்று இருக்கும். அதைப் பார்க்காதீர்கள். ஓட்டுநர் கதவைத் திறந்தால் கதவுச் சட்டத்தில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சாமானும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று போட்டிருக்கும். அதுதான் பேலோடு. டிரெய்லரின் முன்பக்கம், அதை வண்டியில் மாட்டும் ஹிட்ச்சின் மேல் அழுத்தும் எடையும் இதில்தான் சேரும். அது டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம். உங்களுக்கு 13 சதவீதம் என்றால் 990 பவுண்டு. ஹிட்ச் 90, நீங்கள் நாலு பேர் 560, சைக்கிள், ஜெனரேட்டர், ஐஸ் பெட்டி 200. கூட்டினால் 1,840. ஒரு வாடிக்கையாளரோடு டீலர் லாட்டில் நின்று, எல்லா வசதியும் உள்ள ஒரு சின்ன டிரக்கின் கதவைத் திறந்து பார்த்தேன்: 1,423 என்று இருந்தது. சன்ரூஃப், பெரிய சக்கரம், தோல் இருக்கை என்று சேர்க்கச் சேர்க்க அந்த எண் இறங்கும். அதனால் எஃப்-250 என்ற உங்கள் முடிவு சரிதான். இதிலும் டீசல் எஞ்சின் சில நூறு பவுண்டு கனம் கூடுதல். அந்தக் கனம் பேலோடிலிருந்துதான் கழியும்.

சின்ன டிரக்கில் டீசலும் உண்டு. ஃபோர்டு 2021லும் ராம் 2023லும் அதை நிறுத்திவிட்டன; ஜிஎம்மின் 3.0 லிட்டர் மட்டும் இருக்கிறது. வெறும் வண்டியாகக் கேலனுக்கு 25 மைலை ஒட்டித் தரும், விலை வித்தியாசமும் பத்தாயிரம் இல்லை. 5,000 பவுண்டு டிரெய்லர் வைத்திருந்து, தினமும் நெடுஞ்சாலையில் நீண்ட தூரம் போய்வருபவராக இருந்தால் அதைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன்.

அப்புறம் வரி. 2025ல் வந்த சட்டப்படி, 2025 முதல் 2028 வரை புதிய வண்டிக் கடனின் வட்டியில் வருடம் 10,000 டாலர் வரை கழிக்கலாம். வண்டி அமெரிக்காவில் பொருத்தி முடிக்கப்பட்டதாக இருக்க வேண்டும். கென்டக்கியில் தயாரான எஃப்-250 என்றால் அதில் சிக்கல் இல்லை. (ராம் 2500 மெக்சிகோவின் சால்டியோவில் தயாராவதால் அதற்குக் கிடையாது.) உங்களுக்குச் சிக்கல் வருமானத்தில். கணவன் மனைவி சேர்ந்து கணக்குக் கொடுத்தால் 2,00,000 டாலருக்கு மேல் போகும் ஒவ்வொரு ஆயிரத்துக்கும் 200 டாலர் வெட்டு. உங்களுக்கு 40,000 அதிகம், ஆக வெட்டு 8,000. 60,000 டாலர் கடனுக்கு முதல் வருட வட்டியே 4,000 டாலர் அளவில்தான். கழிவு சைபர். 6,000 பவுண்டுக்கு மேற்பட்ட வண்டியைச் செலவாக எழுதிக்கொள்ளலாம் என்று நண்பர்கள் சொன்னால், அது தொழிலுக்கு ஓட்டும் வண்டிக்கு. குடும்பத்தோடு காம்பிங் போகும் வண்டிக்கு இல்லை.

ஆகவே 7.3 கேஸ் எடுங்கள். மிச்சமாகும் 179 டாலரை முதல் தவணை தேதியிலிருந்தே பெரியவள் பெயரில் 529 என்ற கல்லூரிச் சேமிப்புக் கணக்குக்கு ஆட்டோமேட்டிக்காகப் போகும்படி வையுங்கள். 5 சதவீத வளர்ச்சி கிடைத்தால் 72 மாதத்தில் சுமார் 15,000 டாலர், அவள் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் வயதில். கையெழுத்துப் போடும் நாளில், உங்களுக்குத் தரப்போகும் அதே வண்டியின் கதவு ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்து வண்டியின் எண் வேறாக இருக்கும். டிரெய்லரில் தண்ணீரும் சாமானும் நிரப்பி முதல் பயணம் கிளம்பும்போது, வழியில் ஏதாவது டிரக் ஸ்டாப்பில் உள்ள கேட் (CAT) எடைமேடையில் ஏற்றி ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். டிரெய்லரின் எடை 7,600 பவுண்டைத் தாண்டியிருந்தால் எனக்கு எழுதுங்கள்.